ஏழாம் கதிரைக்கு ஒரு குளிசை

மணி அலறியது.

காலைத் தேத்தண்ணி அப்போதுதான் மண்டபத்துக்குள் வந்திருந்தது. தள்ளுவண்டியை நடுவழியில் விட்டுவிட்டு மேட்ரன் சுகிர்தா ஓடினாள். சமையலறையிலிருந்து இரண்டு பெண்கள் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். ‘சாந்தி நிழல்’ முதியோர் இல்லத்தில் தீப்பிடித்தால் நடந்து வரலாம். மணி அடித்தால் ஓடித்தான் வர வேண்டும். மணி அடித்தால் யாரோ எழுந்துவிட்டார்கள் என்று பொருள்.

சுவரோரக் கதிரைகளில் எல்லோரும் இருந்தார்கள். கைகள் மடியில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து. ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய பனி யன்னல் வழியாக உள்ளே வந்து அவர்களுடைய கால்களைச் சுற்றிக் கிடந்தது. ஒருவரும் அசையவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது ஏழாம் கதிரைக்குப் பின்னால். அந்தக் கதிரையில் ஆள் இல்லை. பல மாதங்களாகவே இல்லை.

பக்கத்து ஆறாம் கதிரையில் இருந்த செல்லச்சாமி மட்டும் கண்ணை முழுதாகத் திறந்து வைத்திருந்தார். கண்டி நகரத் தெருக்களில் தண்ணீர்க் குழாய் வால்வுகளைத் திறந்து பூட்டியே ஓய்வு பெற்றவர். அவர் ஏழாம் கதிரையைப் பார்த்தார். பிறகு, அதற்கும் யன்னலுக்கும் இடையில் இருந்த வெறும் தரையைப் பார்த்தார்.

“எந்திரிச்சிட்டா,” என்றார்.

“ஆர் ஐயா?” என்றாள் சுகிர்தா.

“கமலம்.”

கமலம் அவருடைய மனைவி. ஏழாம் கதிரை அவளுடையது. அவள் இறந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருடம்.

*

இந்த மணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கதிரை மெத்தைக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு. ஆள் இருக்கும்வரை அது பேசாது. பாரம் விலகினால் அலறும். வயதானவர்கள் தனியே எழுந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கோ ஒரு நல்ல மனிதன் கண்டுபிடித்த கருவி.

இல்லத்தின் பணிப்பாளர் முத்துலிங்கம் அதற்கு இன்னும் பெரிய உபயோகத்தைக் கண்டுபிடித்தார். அவர் முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றில் உயர்ந்த பதவியில் இருந்தவர். ஆட்களுக்கு ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான் இலாபம் என்பது அவருக்கு அங்கேயே பழகிவிட்டது.

மலைநாட்டு முதியோர் இல்லங்களுக்கு ஓர் ஒன்றியம் உண்டு. மனநலத்தில் சிறந்த இல்லத்துக்கு அது வருடந்தோறும் கேடயம் வழங்கும். மனநலத்தை எதைக் கொண்டு அளப்பது என்று ஒன்றியம் கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்துத் திணறிக்கொண்டிருந்தபோது முத்துலிங்கம் ஆற்றிய உரையை இன்றைக்கும் அங்கே மேற்கோள் காட்டுகிறார்கள்.

“சந்தோஷமா இருக்கிற மனுஷன் எதுக்கு எழும்பணும்?” என்று அவர் கேட்டார். “தாகம் இருந்தா எழும்புவான். கவலை இருந்தா எழும்புவான். வீட்டு ஞாபகம் வந்தா எழும்புவான். ஒரு குறையும் இல்லாதவன் இருந்த இடத்திலயே இருப்பான். ஆகவே மணியை எண்ணுங்க. மனசை எண்ணின மாதிரிதான்.”

சபை எழுந்து நின்று கைதட்டியது.

அன்றிலிருந்து நடுவர்கள் ஒரு நாள் முழுவதும் மண்டபத்தில் வந்திருந்து மணிகளை எண்ணுகிறார்கள். மணி குறைந்தால் மனநலம் கூடும். மலைநாட்டு இல்லங்கள் எல்லாம் ஆளைத் தூங்க வைக்கும் குளிசையின் அருமையை உணர்ந்தது அதன் பிறகுதான். சாந்தி நிழலில் காலையில் வெள்ளை, பகலில் மஞ்சள், படுக்கப் போகும்போது நீலத்தில் பாதி. எழுந்தவருக்கு வெள்ளை இரண்டாகும். அப்படியும் எழுந்தவருக்கு மஞ்சளும் இரண்டாகும். மனதில் என்ன வருத்தம் என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை. பதில் சொல்ல எழுந்துவிடுவார்களோ என்ற பயம்.

கமலத்தால் ஓரிடத்தில் இருக்க முடியாது. அது நோயல்ல, சுபாவம். யன்னலைச் சாத்த எழுவாள். சாத்திய யன்னலைத் திறக்க எழுவாள். கீழே வாவிக் கரையில் பஸ் போகிறதா என்று பார்க்க எழுவாள். எட்டாம் கதிரையில் இருக்கும் முஹ்ஸின் முதலாளியின் சால்வை நழுவினால் போட்டுவிட எழுவாள். தம்பதிகள் வந்து சேர்ந்த முதல் கிழமையில் சாந்தி நிழல், தீயணைப்பு நிலையம் மாதிரிச் சத்தம் போட்டது.

முத்துலிங்கம் செல்லச்சாமியை அலுவலக அறைக்கு அழைத்தார். கதிரை கொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார். அம்மாவின் நன்மைக்காகக் குளிசையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கப் போவதாகவும், புருஷன் என்ற முறையில் அவருடைய சம்மதம் வேண்டும் என்றும் சொன்னார். செல்லச்சாமியிடம் அதுவரை யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. அந்த மரியாதையிலேயே அவர் ஒப்பம் வைத்துவிட்டார்.

கமலம் இருந்த இடத்திலேயே இருக்கத் தொடங்கினாள். முதலில் யன்னலை மறந்தாள். பிறகு வாவியை மறந்தாள். பிறகு ஒரு நாள் முதலாளியின் சால்வை நழுவித் தரையில் கிடந்தபோது, அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். விரல்கள் மட்டும் மடியில் மடங்கி விரிந்தன.

போன வருடம் நடுவர்கள் வந்த நாளில் செல்லச்சாமிக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். விடியவே இல்லத்து வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பின்னேரம் அவர் திரும்பி வரும்போது நடுவர்களின் வாகனம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கேடயம் சாந்தி நிழலுக்கு. நாள் முழுவதும் ஒரு மணிகூட அடிக்கவில்லை.

முத்துலிங்கம் வாசலிலேயே அவருடைய தோளில் கை வைத்தார். அம்மா இப்போதுதான், பின்னேரத் தேத்தண்ணி வந்த கையோடு, ஒரு சிரமமும் இல்லாமல் போய்விட்டதாகச் சொன்னார்.

செல்லச்சாமி கமலத்தின் கையைத் தொட்டார். மழைக்காலத்துக் குழாய் மாதிரிக் குளிர்ந்திருந்தது. பக்கத்து முக்காலியில் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பை வாய் வைக்காமல் இருந்தது. மேலே பாலாடை தடிப்பாகப் படர்ந்திருந்தது.

சாந்தி நிழலில் பால் தேத்தண்ணி காலையில் மட்டும்தான். பின்னேரம் கொடுப்பது வெறும் தேத்தண்ணி.

அவர் அதைக் கேட்டார். நடுவர்கள் வந்த விசேஷத்துக்காக அன்று பின்னேரமும் பால் ஊற்றியதாகப் பணிப்பாளர் சொன்னார். ஹந்தானைக் குளிருக்கு உடம்பு சட்டென்று ஆறிவிடும் என்றும் சொன்னார். செல்லச்சாமி தலையாட்டினார். ஆனால் அந்தப் பாலாடை அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. கமலம் எப்போது போனாள், போகும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா, இது ஒன்றைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். கேட்க வழியில்லை. இரண்டாம் தரம் கேட்டால் மனக்குழப்பம் என்று எழுதுவார்கள். மனக்குழப்பத்துக்கு மஞ்சள்.

*

மணி மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். எப்போதும் காலையில், பால் தேத்தண்ணி மண்டபத்துக்குள் வரும் வேளையில்.

முதலில் செல்லச்சாமியைத்தான் சந்தேகித்தார்கள். கையை நீட்டி மெத்தையை அமுக்கி விடுகிறார் என்றார் முத்துலிங்கம். ஆகவே அடுத்த நாள் சுகிர்தா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. சுகிர்தா திடுக்கிட்டுக் கைகளை விட்டாள். பிறகு தானாகவே மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

தெல்தெனியவிலிருந்து கருவி திருத்துகிறவர் வந்தார். விரிப்பை மாற்றினார், வயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார். கருவியில் ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆள் இருந்து எழுந்தால்தான் இது அடிக்கும், அடிப்பதனால் ஆள் இருந்து எழுகிறது, அதற்கு மேல் தன்னுடைய வேலை இல்லை என்று விளக்கினார். படியிறங்கும்போது செருப்பைப் போட்டுக்கொள்ள நேரமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

வயரைக் கழற்றிவிடலாமே என்று சமையற்காரி கேட்டாள். ஒன்றியத்தின் விதிப்படி, கழற்றிய மணி அடித்த மணியாகவே எண்ணப்படும். சரி, கதிரையைக் களஞ்சிய அறைக்குக் கொண்டுபோனார்கள். அது அங்கேயும் அடித்தது. சமையற்காரி அரிசி எடுக்க உள்ளே போக மறுத்துவிட்டாள். இல்லம் முழுவதும் பாணும் பருப்புமாகச் சாப்பிட்டு அலுத்த பிறகு கதிரை மண்டபத்துக்குத் திரும்பி வந்தது.

பணியாளர் கூட்டத்தில் முத்துலிங்கம் தெளிவாகப் பேசினார்.

“பேய் பிசாசுன்னு யாரும் கதைக்கக் கூடாது. இந்த இல்லத்தில பேய் இருக்க முடியாது. நமக்குத் தந்திருக்கிற அனுமதியில அப்படி ஒரு பிரிவு இல்லை. இது எழும்புதல். எழும்புதலுக்கு நம்மகிட்ட வைத்தியம் இருக்கு.”

வைத்தியம் புதன்கிழமை வந்தது. டொக்டர் ஹில்மிக்குக் கண்டியைச் சுற்றி நிறைய இல்லங்கள். அதனால் அவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. வரிசையோரமாக நடந்துகொண்டே, கையிலுள்ள போனைப் பார்த்துக்கொண்டே, கதிரை எண்ணைச் சொல்லிக் கேட்பார்.

“ஏழு?”

சுகிர்தா பணிப்பாளரைப் பார்த்தாள். பணிப்பாளர் தலையசைத்தார்.

“காலமை எழும்புறா, டொக்டர்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஓம்.”

“வெள்ளை ரெண்டு. நித்திரை எப்படி?”

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். “நித்திரைதான், டொக்டர்.”

“நல்லது. எட்டு?”

அன்றிலிருந்து ஏழாம் கதிரை முக்காலியில் தினமும் காகிதக் கிண்ணத்தில் இரண்டு வெள்ளைக் குளிசையும், ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணியும் வைக்கப்பட்டன. குளிசை வைத்த இடத்திலேயே இருந்தது. மருந்தை மறுக்கிறார் என்று எழுதினார்கள். மறுப்பவர்களுக்கு வாழைப்பழம் என்பது முறை. வாழைப்பழமும் வைத்தார்கள். அது கறுத்தது. பசியின்மை என்று எழுதினார்கள். பசியின்மைக்கு ஒரு பச்சைக் குளிசை சேர்ந்தது.

தேத்தண்ணியில் மெல்ல ஆடை படர்ந்தது. செல்லச்சாமி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார்.

முஹ்ஸின் முதலாளி கண்டியில் புடைவைக் கடை வைத்திருந்தவர். குளிசையை விழுங்கியதற்கும் அது தலைக்கு ஏறுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் அவர் பழைய முதலாளியாக இருப்பார். அந்த இடைவெளியில்தான் இரண்டு கிழவர்களுடைய சிநேகிதமும் நடந்துகொண்டிருந்தது.

“தண்ணிக்கார அண்ணன், உங்கட ஆள் இண்டைக்கும் எழும்பினாங்களா?”

“எந்திரிச்சா முதலாளி. பயமா இருக்குதா?”

“எனக்கு என்னத்துக்கு பயம். நேத்து எண்ட சால்வை கீழ உழுந்திச்சி. குனிய ஏலாம அப்பிடியே உட்டுட்டன். முழிச்சிப் பாத்தா தோள்ல ஈக்கி.”

“மேட்ரன் போட்டிருப்பாங்க.”

“மேட்ரன் போட்டா கழுத்து நெரியும். இது அப்பிடி இல்ல.”

செல்லச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். போன வருடம் அந்த நாளில் முதலாளி இங்கேதானே இருந்தார், கமலம் போனது எந்த நேரம் என்று கேட்டார்.

முதலாளி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடுவர்கள் வரும் நாளில் எல்லோருக்கும் எல்லாமே இரண்டிரண்டு. தேத்தண்ணி வண்டி வந்தது ஞாபகம் இருக்கிறது என்றார். கமலம் கோப்பையை வாங்கக் கை நீட்டினாளா என்று யோசித்தார். “நீட்டின மாதிரியும் ஈக்கி, நீட்டாத...” என்றார். அதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கையைப் பிடித்து உலுக்கினால் மணி அடித்துவிடும். செல்லச்சாமி உலுக்கவில்லை.

*

நடுவர்கள் வரப்போகும் திகதி ஒன்றியத்திலிருந்து அறிவிப்பாக வந்தது. கூடவே, அலுவலக அறையிலிருந்து செல்லச்சாமிக்கு அழைப்பும் வந்தது. கதிரை, தேத்தண்ணி, எல்லாம் முன்போலவே.

முத்துலிங்கம் நிலைமையை விளக்கினார். அம்மா வாயால் மருந்து எடுக்கிறார் இல்லை. டொக்டரிடம் போனில் கேட்டதில், வாயால் எடுக்காவிட்டால் வேறு வழியால் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஆகவே குளிசையைப் பொடி செய்து மெத்தையில் தூவப் போகிறார்கள். புருஷன் என்ற முறையில் ஒரு சம்மதம்.

“சேர், அவ செத்துப் போயிட்டாங்க,” என்றார் செல்லச்சாமி.

“அது வேற பிரிவு,” என்றார் முத்துலிங்கம் பொறுமையாக. “மரணம் வேற, மணி வேற. செத்தவர் எழும்ப மாட்டார்னு மரணச் சான்றிதழ்ல எங்கயும் எழுதியில்லை, பார்த்துட்டேன். அவங்க மனசுல ஏதோ குறை இருக்கு, அதான் எழும்புறாங்க. குறையோட ஒருத்தரை இருக்க விடுறது இந்த இல்லத்துக் கொள்கை இல்லை.”

செல்லச்சாமி பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு மேசையில் வைத்தார்.

“போன தடவ வச்சேன் சேர். அதுக்கப்புறம் அவ எந்திரிக்கவே இல்ல. இப்பதான் மறுபடி எந்திரிக்கிறா. எந்திரிச்சுட்டுப் போகட்டும்.”

முத்துலிங்கம் கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்படுவதில்லை. மெல்பேர்னில் இருக்கும் மகள் நிஷாந்தினியை போனில் பிடித்துத் தந்தார். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். சேர் சொல்வதைக் கேளுங்கப்பா, உங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். செல்லச்சாமி சரி சரி என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். ஒப்பம் வைக்கவில்லை.

ஒப்பம் வைக்காதது பிடிவாதம். பிடிவாதத்துக்கு மஞ்சள் இரண்டு, அதுவும் காலையிலேயே.

மறுநாள் தேத்தண்ணி வண்டி வந்தது அவருக்குத் தெரியாது. மணி அடித்ததும் தெரியாது. விழித்தபோது மத்தியானம். அடுத்த நாளும் அப்படித்தான். தண்ணீர் ஓடாத குழாய்க்குள் யாரோ தூரத்தில் தட்டுவது போல ஒரு சத்தம் மட்டும் நித்திரைக்குள் கேட்டது. திறக்கப் போகலாம் என்றால் கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பனி இப்போது யன்னலுக்கு வெளியே இல்லை. அவர் தலைக்குள் இருந்தது.

கமலம் ஒவ்வொரு காலையும் வந்து, இருந்து, எழுந்து போகிறாள். அவர் பக்கத்தில் இருந்துகொண்டே அவளைத் தவறவிடுகிறார். போன வருடமும் இதுதான் நடந்தது என்று அவருக்குத் தோன்றியது. அப்போது பேராதனைக்கு அனுப்பினார்கள். இப்போது அந்தச் செலவும் இல்லை.

நடுவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில் சுகிர்தா அவர் முன்னால் காகிதக் கிண்ணத்தை நீட்டினாள். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை.

“குளிசை முடிஞ்சுபோச்சு ஐயா,” என்றாள். “விழுங்கின மாதிரித் தண்ணியைக் குடியுங்கோ. நாளைக்கும் முடிஞ்சுதான் இருக்கும்.”

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் ஏழாம் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

*

நடுவர் குழுவின் தலைவி பாயிஸா மேடம், முன்பு பாடசாலை அதிபராக இருந்தவர். மண்டபத்துக்குள் வந்ததும் வரிசையை ஒரு தரம் பார்த்தார். எல்லோருக்கும் தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, மடியில் கை வைத்து விட்டிருந்தார்கள். முஹ்ஸின் முதலாளியின் தலையில் புதுத் தொப்பி. தாடை நெஞ்சில் இருந்தது.

“உள்ள வந்த உடனே மனசுக்கு ஒரு அமைதி வருது,” என்றார் தலைவி உருக்கமாக. “மையவாடிக்குள்ள போன மாதிரி.”

இடுகாட்டோடு ஒப்பிட்டதற்கு முத்துலிங்கம் நன்றி சொன்னார்.

செல்லச்சாமி கண்ணைப் பாதி மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைப் போல இருப்பது அவ்வளவு கடினமாக இல்லை. காது மட்டும் முழுதாக விழித்திருந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. பால் தேத்தண்ணியின் வாசம் வந்தது.

அப்போதுதான் முத்துலிங்கம் தன்னுடைய வாழ்நாளின் மிகச் சிறந்த யோசனையைச் செயற்படுத்தினார். நடுவர்களோடு பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்து, ஏழாம் கதிரையில் தானே இருந்துவிட்டார். ஆள் இருக்கும்வரை விரிப்பு பேசாது. அவர் எழாவிட்டால் யார் எழ முடியும்?

தேத்தண்ணி வண்டி மண்டபத்துக்குள் வந்தது. மணி அடிக்கவில்லை.

பணிப்பாளரே முதியவர்களோடு ஒருவராக இருப்பதைப் பார்த்து நடுவர்கள் நெகிழ்ந்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். பிறகு குத்துவிளக்கு ஏற்றப் பணிப்பாளரை அழைத்தார்கள். முத்துலிங்கம் புன்னகையோடு இருந்தார். இரண்டாம் தரமும் அழைத்தார்கள். விளக்கு முதியவர்களிடம் வர வேண்டும், முதியவர்கள் விளக்கிடம் போகக் கூடாது என்று அவர் ஒரு தத்துவம் சொன்னார். இரண்டு பேர் ஆளுயர விளக்கைத் தூக்கி வந்து அவர் முழங்காலுக்கு முன்னால் வைத்தார்கள். இருந்தபடியே ஏற்றினார். எண்ணெய் அவருடைய காற்சட்டையில் சொட்டியது. வரவேற்புரையையும் இருந்தபடியே ஆற்றினார்.

“இங்க ஒருத்தருக்கும் ஒரு குறையும் கிடையாது,” என்றார். “குறை இருந்தா நம்மகிட்ட சொல்லுவாங்க. இதுவரைக்கும் ஒருத்தராவது முழிச்சு வந்து சொன்னதில்லை.”

நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள். செல்லச்சாமிக்கு அவருடைய மூச்சு கேட்டது. பனிக்காலத்தில் அந்த மனிதருக்குக் காதோரம் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. கைகள் கதிரைப் பிடியை இறுகப் பிடித்திருந்தன. ஒரு தரம் குனிந்து தன்னுடைய மடியைப் பார்த்தார், அங்கே ஏதோ பாரம் இருப்பது போல.

தலைவி பாயிஸா மேடம் தொண்டையைச் செருமினார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது, கடந்த நடுவர் நாளிலிருந்து இந்த இல்லத்தில் காலமானவர்களுக்கான அஞ்சலி. முதலாவது பெயரே அன்றைய தினம் பின்னேரம் மறைந்த கமலம் அம்மா. அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

நடுவர்கள் எழுந்தார்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டு சுகிர்தா தலை குனிந்தாள். முத்துலிங்கம் மட்டும் எழவில்லை. கமலத்தின் கதிரையில், கமலத்துக்கான மௌனத்தில், பிடியை இறுகப் பிடித்தபடி இருந்தார். தலைவி அவரைப் பார்த்தார். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

பனி யன்னல் வழியாக உள்ளே வந்தது. எங்கேயோ ஒரு சால்வை நழுவித் தரையில் விழுந்தது.

மணி அலறியது.

முத்துலிங்கத்துக்குக் கீழே, அவருடைய முழுப் பாரத்துக்கும் கீழே, அவர் துளியும் அசையாமல் இருக்கையிலேயே அலறியது. சிவப்பு விளக்கு அவருடைய கழுத்துக்குப் பின்னால் எரிந்தது. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கதிரைகளிலிருந்து ஒருவரும் எழவில்லை, ஆகவே யாருடைய பெயரில் எழுதுவது என்று தெரியாமல் பேனாக்கள் நின்றன. செல்லச்சாமி கண்களை முழுதாகத் திறந்தார்.

முத்துலிங்கம் குனிந்தார். எழாமலே ஒரு பக்கம் வளைந்து, முகத்தை மெத்தையின் ஓரத்தோடு சேர்த்து வைத்து, இரண்டு கைகளாலும் அதை அமுக்கிக்கொண்டு, கெஞ்சத் தொடங்கினார். முதலில் மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மணி நின்றது. அது நின்றதை அவர் கவனிக்கவில்லை. அந்த ஒரு நிமிட மௌனத்தின் மிச்சத்தில் அவருடைய குரல் மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

“கமலம்மா, கொஞ்ச நேரம் அசையாம இருங்கம்மா. போன வருஷம் காலைத் தேத்தண்ணி வந்ததுல இருந்து இவங்க போற வரைக்கும் அப்படியேதானே இருந்தீங்க, உயிர் போயிட்டதுன்னு தெரிஞ்சும் நாங்க உங்களைத் தொடவே இல்லையே.”